மறுத்துப் பேசும் குரலுக்கும் மரியாதை

மஹல்லாவில் சிறுவர் சிறுமியர் ஓதும் மதரஸாவை எந்த நேரத்தில் நடத்துவது என்று கலந்து பேசுகிறார்கள். திரைக்கு அப்பாலிருந்து, ஓதிக்கொடுக்கும் ஆலிமா ஒருவர், மஃரிபுக்குப் பின் வைத்தால் சிறுமிகள் இருட்டில் தனியே வீடு திரும்ப நேரும், அஸருக்குப் பின் வைத்தால் நலம் என்கிறார். “பெண்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான்” என்று ஒருவர் சொல்ல, சபை சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறது. சற்று நேரத்தில் பெரியவர் ஒருவர் அதே யோசனையைச் சொல்கிறார். “ஆஹா, நல்ல யோசனை!” என்று எல்லோரும் தலையசைக்கிறார்கள்.

இத்தகைய காட்சியைக் காணாதவர் நம்மில் எத்தனை பேர்? அங்கே யாரும் தகாத சொல் சொல்லவில்லை. ஆயினும் ஓர் அநீதி நடந்துவிட்டது. சொல் எடை போடப்படவில்லை. சொன்னவர் ஆணா பெண்ணா என்பதே எடை போடப்பட்டது.

முஃமினான ஆண்களும் பெண்களும் ஒருவருக்கொருவர் உற்ற துணைவர்கள். அவர்கள் நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பார்கள் என்று திருமறை (9:71) அறிவிக்கிறது. நன்மையை ஏவுவதென்றால் யோசனை சொல்ல வேண்டும். தீமையைத் தடுப்பதென்றால் மறுத்துச் சொல்ல வேண்டும். பிழை கண்டால் திருத்த வேண்டும். இம்மூன்றையும் இருபாலார்க்கும் பொதுவாக்கியவன் அல்லாஹ். அவன் கொடுத்த உரிமையைச் சிரித்துப் பறிக்க நாம் யார்?

முதலில் யோசனையைப் பார்ப்போம். ஹிஜ்ரி 6-ம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்தது. உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும் என்ற நிலை. குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் மும்முறை கூறியும், துயரத்தில் ஆழ்ந்திருந்த ஸஹாபாக்களில் ஒருவரும் எழவில்லை. பெருமானார் கூடாரத்துக்குள் சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னார்கள். யாரிடமும் ஒன்றும் பேசாமல் வெளியே சென்று, தங்கள் பிராணியைத் தாங்களே அறுத்து, முடி களைபவரை அழையுங்கள் என்றார்கள் அன்னையார். பெருமானார் அவ்வாறே செய்தார்கள். கண்டவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். வஹீ இறங்கும் உள்ளமே மனைவியின் யோசனையைக் கேட்டு நடந்ததென்றால், நமக்கு அதில் என்ன கௌரவக் குறைவு?

இனி மறுப்பு. யோசனையைக் கேட்பது கூட எளிது. ‘முடியாது’ என்று ஒரு பெண் சொல்லும்போதுதான் நம் பண்பின் நிறம் தெரியும். பரீரா (ரலி) அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பெண்மணி. விடுதலையானதும், அடிமையாகவே இருந்த கணவர் முகீதை விட்டுப் பிரியும் உரிமை அவருக்குக் கிடைத்தது, பிரிந்தார். முகீதோ தாடி நனைய அழுதவாறு மதீனத்துத் தெருக்களில் அவர் பின்னே சுற்றினார். மனமிரங்கிய நாயகம் (ஸல்) அவர்கள், அவரிடமே திரும்பிச் செல்லலாகாதா என்று கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரை மட்டுமே என்றார்கள் நாயகம். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. அத்துடன் பேச்சு முடிந்தது. கடிந்துரை இல்லை, மனத்தாங்கல் இல்லை. நேற்றுவரை அடிமையாயிருந்த ஒரு பெண்ணின் மறுப்பு, அகிலத்தின் அருட்கொடையிடத்தில் மதிக்கப்பட்டது. ஸஹீஹ் புகாரியில் பதிவான செய்தி இது.

மூன்றாவது, திருத்தம். தொழுபவருக்குக் குறுக்கே நாய், கழுதை, பெண் வந்தால் தொழுகை முறியும் என்று தம் முன்னே பேசப்பட்டபோது, எங்களை அவற்றோடு சமமாக்கிவிட்டீர்களே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டித்தார்கள். நாயகம் தொழும்போது கிப்லாவுக்கும் அவர்களுக்கும் இடையே தாம் கட்டிலில் படுத்திருந்ததைச் சான்றாகவும் எடுத்துரைத்தார்கள். அன்னையார் இவ்வாறு திருத்தியவற்றைத் திரட்டி ஒரு தனி நூலே எழுதினார் இமாம் ஸர்கஷீ (வஃபாத் ஹிஜ்ரி 794). திருத்தப்பட்டதால் ஸஹாபாக்களின் மதிப்பு குறைந்ததா? மார்க்கத்தின் தெளிவு அல்லவா கூடியது!

பிற்காலத்தில் மக்காவில் வாழ்ந்த கரீமா மர்வஸிய்யா (வஃபாத் ஹிஜ்ரி 463) அம்மையாரிடம் கதீப் பக்தாதீ போன்ற பேரறிஞர் ஐந்தே நாளில் ஸஹீஹ் புகாரியை ஓதி முடித்தார். தம்மிடமுள்ள மூலப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அம்மையாரின் வழக்கம். அங்கே கேள்வி ஒன்றுதான்: எழுதியது மூலத்தோடு ஒத்திருக்கிறதா?

‘பெண்ணின் மௌனமே நாணம்’ என்று சிலர் வாதிப்பர். குழைந்து பேசாதீர் என்று நபியின் மனைவியருக்குக் கட்டளையிட்ட வசனமே (33:32), நேர்மையான சொல்லைச் சொல்லுங்கள் என்றும் முடிகிறது. ஒழுக்கம் கேட்கப்பட்டது, ஊமையாவது கேட்கப்படவில்லை. பார்வையைத் தாழ்த்தும் கட்டளையும் (24:30) முதலில் ஆண்களை நோக்கியே வருகிறது. பேசுபவருக்கு ஒழுங்கு இருப்பதுபோல் கேட்பவருக்கும் ஒழுங்கு உண்டு. பரிகாசம் கூடாது என்ற கட்டளையோ (49:11) ஆண்களைச் சொல்லிப் பெண்களையும் தனியே சொல்கிறது. ஆகவே, தம்மினத்தாரின் சொல்லைத் தாமே எள்ளும் தாய்மார்களும் சிந்திக்கட்டும்.

இப்பழக்கம் வீட்டில்தான் தொடங்க வேண்டும். குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து, இருவரும் இசைந்து செய்யச் சொல்கிறது திருமறை (2:233). தாயின் சொல்லைத் தந்தை செவிமடுப்பதைக் கண்டு வளரும் பிள்ளை, நாளை சபையில் ஒரு சகோதரியின் சொல்லுக்குச் சிரிக்காது.

இன்றிரவு வீட்டில் ஒரு பெண் நம்மை மறுத்துப் பேசினால், பதில் சொல்லுமுன் ஒரு கணம் பரீராவை நினைத்துக்கொள்வோம். சொல்பவரைப் பாராமல் சொல்லை எடை போடும் நீதமான உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.