உவர்மண்ணும் திருநீறும்: சேரமான் பெருமாள் என்னும் வினா

கொடுங்கல்லூரிலிருந்து சேரநாட்டை ஆண்டவராகச் சொல்லப்படும் சேரமான் பெருமாளுக்கு, ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு முடிவுகளை மரபு வழங்கியிருக்கிறது. சைவர்களுக்கு அவர் அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவர். தோழர் சுந்தரர் வெள்ளானைமீது கயிலைக்குப் புறப்பட்டதை அறிந்ததும், தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, அதன்மேல் அமர்ந்தபடியே வான்வழி சென்று சிவபெருமானின் திருமுன்பை அடைந்தவர். மாப்பிள்ளை முஸ்லிம்களின் மரபிலோ அவர் நிலவு இரண்டாகப் பிளந்த அற்புதத்தைக் கேள்வியுற்று, இலங்கையின் ஆதம் மலைக்குப் போகும் வழியில் கொடுங்கல்லூரில் தங்கிய அரபுப் பயணிகளிடம் அதன் பொருளைக் கேட்டறிந்து, நாட்டை உறவினருக்கும் படைத்தலைவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, கடல் கடந்து இஸ்லாத்தைத் தழுவியவர். இரண்டிலும் ஊர் ஒன்றே, பட்டமும் ஒன்றே. இரண்டிலும் அரசர் அரியணையில் இருந்தபடி இறப்பதில்லை, அதை விட்டுப் புறப்பட்டுவிடுகிறார்.

இப்படி ஒருவர் இருந்தாரா என்ற கேள்விக்கு வரலாற்றாய்வு தரும் விடை ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றாக அமைவதன்று. சேரமான் பெருமாள் என்பது ஒருவரின் இயற்பெயரன்று. மகோதை எனப்பட்ட பழைய கொடுங்கல்லூரிலிருந்து 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஆண்ட மன்னர் பலருக்கும் பொருந்தும் பட்டம். இந்த அரசமரபை இளங்குளம் குஞ்ஞன் பிள்ளையும், அவருக்குப்பின் அவர் முடிவுகள் பலவற்றைத் திருத்திய எம்.ஜி.எஸ். நாராயணனும் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் கொண்டு மீட்டெடுத்தனர். மரபின் தொடக்கத்தில் நிற்கும் இராசசேகரனின் வாழப்பள்ளிச் செப்பேடு, வழக்கமான மங்கலத் தொடருக்கு மாறாகச் சிவனுக்கு வணக்கம் சொல்லித் தொடங்குவதால், நாயனாராகப் போற்றப்பட்டவர் இவரே என்பர். மரபின் இறுதியில் நிற்கும் இராமகுலசேகரன் 1120களுக்குப்பின் ஆவணங்களிலிருந்து மறைந்துவிடுகிறார். வடகேரளத்து மாடாயிப் பள்ளிவாசலின் கல்வெட்டு 1124ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுவதால், கடைசிப் பெருமாளின் மதமாற்றத்தை முற்றிலும் தள்ளிவிட வேண்டியதில்லை என்ற கருத்தும் உண்டு. ஆகவே முந்நூறு ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த இரு மெய்யான அரசர்கள், ஒருபோதும் வாழ்ந்திராத ஒரு பேரரசருக்குள் கலந்துபோயிருக்கக்கூடும்.

இத்தகைய ஆய்வு முடிவு நம்பிக்கையை எந்த இடத்தில் தொடுகிறது என்பதே சமயவியல் நோக்கில் எழும் வினா. வேதத்துக்குப் பொருள் கொள்ளும் நெறியை வகுத்த மீமாம்சகர்கள், விதி எனப்படும் கட்டளை வாக்கியங்களிலிருந்து, அக்கட்டளையைப் புகழ்ந்து அதில் மனத்தை ஈடுபடுத்துவதற்காகச் சொல்லப்படும் கதைப் பகுதிகளை அர்த்தவாதம் என்று பிரித்து, அதை மேலும் மூன்றாக வகுத்தனர். பிற அறிவுக்கு முரண்படுவதால் குறிப்பாகவே பொருள்கொள்ள வேண்டியது குணவாதம். வேறு வழியில் ஏற்கெனவே தெரிந்ததை மீண்டும் சொல்வது அனுவாதம். முரண்படவும் இல்லை, வேறு சான்றால் உறுதிப்படவும் இல்லை என்னும்படி நிற்கும் பழஞ்செய்தி பூதார்த்தவாதம். வேதத்துக்கு மட்டுமே உரிய இப்பாகுபாட்டை நாயன்மார் வரலாற்றுக்கு நீட்டுவதை ஒரு கண்டிப்பான மீமாம்சகர் ஒப்பமாட்டார் என்றாலும், வானில் பறந்த குதிரை முதல் வகையிலும், மகோதையில் ஒரு சிவபத்தன் அரசாண்டான் என்பது இரண்டாம் வகையிலும், சுந்தரரோடு அவன் கொண்ட நட்பும் கடைசிப் பெருமாளின் கடற்பயணமும் மூன்றாம் வகையிலும் அடங்குவதைக் காணலாம். மூன்றும் ஒரே கதைக்குள் அருகருகே நிற்கின்றன. ஒன்றுக்குக் கேட்கும் சான்றை மற்றொன்றிடம் கேட்பது பொருந்தாது.

இதைவிடக் கூரிய விடை சேரமானின் கதைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அதாவது 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, முடிசூடிய சேரமான் திருவஞ்சைக்களத்து இறைவனை வணங்கிவிட்டு யானைமேல் உலா வரும்போது, உவர்மண் பொதியைச் சுமந்துவரும் வண்ணான் ஒருவனைக் காண்கிறார். அழுக்கு வெளுக்கப் பயன்படும் அந்த வெண்மண் மழையில் கரைந்து வழிந்து அவன் உடல் முழுதும் வெளுத்திருக்கிறது. திருநீறு பூசிய அடியாரின் கோலம் அதுவென உணர்ந்த அரசர் யானையிலிருந்து இறங்கித் தொழ, வண்ணான் நடுங்கித் தன் தொழிலைச் சொல்லித் தன்னை அறிவித்துக்கொள்ள, அரசரும் அதே பணிவோடு தம்மை அடியவராக அறிமுகம் செய்துகொண்டு, திருநீற்றுக் கோலத்தை நினைப்பித்தமைக்காக அவனை வருந்தாமல் செல்லும்படி விடை கொடுக்கிறார். உடம்பில் இருந்தது நீறன்று, மண் என்று தெரிந்தபின்னும் வணக்கம் திரும்பப் பெறப்படவில்லை. அதைப் பிழை என்று புராணம் கருதவும் இல்லை. குறி பொய்யாயினும் அது சுட்டிய பொருள் மெய் என்பதே சேக்கிழாரின் தீர்ப்பு. அந்தக் குறியை நீறென்று சாதிக்க அரசர் முனையவில்லை என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அத்தீர்ப்பு முழுமையாகும்.

பின்வந்தோரிடம் குறைந்துபோனது இந்த இரண்டாம் பாதிதான். பெருமாளின் நாட்டுப் பங்கீட்டைக் கூறும் கேரளோற்பத்தி என்னும் பிற்கால மலையாள நூல், கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கு அவர் வாள் கொடுத்ததாகச் சொல்வது சாமூதிரியின் படையெடுப்புகளுக்கு நியாயம் தேடவே என்பது வெளிப்படை. பாஸ்கர இரவிவர்மன் 1000ஆம் ஆண்டையொட்டி யோசேப்பு ரப்பானுக்கு அளித்த செப்பேட்டைக் கொச்சி யூதர்கள் பல நூற்றாண்டு முன்தள்ளிச் சேரமான் பெருமாளின் கொடையாகப் போற்றினர். சிரியக் கிறித்தவர்கள் தங்கள் முன்னோரான கானாயித் தொம்மன் பெற்ற உரிமைகளை அதே பெயரோடு இணைத்தனர். கொடுங்கல்லூரின் சேரமான் ஜும்மா பள்ளிவாசல் 629இல் கட்டப்பட்டது என்ற ஐதிகமும் இவ்வரிசையில் சேரும். 2016இல் இந்தியப் பிரதமர் அதன் பொன்முலாம் பூசிய சிறுவடிவத்தைச் சவூதி மன்னருக்கு அளித்தபோது அது அரசுமுறை மொழியாகவும் ஆகிவிட்டது. உரிமைக்கும் முதன்மைக்கும் சான்றாகக் காட்டப்படும் கதை, ஆவணம் படும் சோதனைக்கு உட்பட்டே ஆகவேண்டும். அங்கே அர்த்தவாதம் என்று ஒதுங்கிக்கொள்ள வழியில்லை.

பொன்னானியைச் சேர்ந்த ஷேக் ஜைனுத்தீன் மக்தூம் இதை நன்கு உணர்ந்திருந்தார். போர்த்துக்கீசியரை எதிர்க்கும்படி முஸ்லிம்களை அழைத்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபு மொழியில் எழுதிய துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் நூலில் அவர் அரசரின் மதமாற்றத்தை முழுதாக எடுத்துரைக்கிறார்; ஆயினும் அது நபிகள் வாழ்ந்த காலத்திலேயே நடந்தது என்ற பொதுநம்பிக்கையை மறுத்து, ஹிஜ்ரி 200க்குப் பிறகே நடந்திருக்க வேண்டும் என்கிறார். தம் சமூகத்தின் பெருமையை இரண்டு நூற்றாண்டு குறைத்துக்கொள்ள அவர் தயங்கவில்லை. அதனால் அவர் இறைநம்பிக்கை குறைந்ததாகவும் தெரியவில்லை. ஹிஜ்ரி 200 என்பது கி.பி. 815ஐ ஒட்டியது. அரபு நாட்டின் ஜபாரில் உள்ள பெருமாளின் கல்லறையில் அவர் ஹிஜ்ரி 212இல் வந்து 216இல் இறந்ததாக எழுதியிருப்பதாக வில்லியம் லோகன் 1887இல் பதிவுசெய்த செய்தியும், கி.பி. கணக்கில் 827க்கும் 831க்கும் இடையில் விழுகிறது. சிவனை வணங்கித் தொடங்கும் வாழப்பள்ளிச் செப்பேட்டை ஆய்வாளர் வைப்பதும் ஏறத்தாழ 830ஐ ஒட்டித்தான். காலத்தைக் கவனமாகக் கணித்தால் இரு கதைகளும் விலகிப் போவதற்கு மாறாக ஒரே தலைமுறையில் நேருக்கு நேர் மோதுகின்றன. கதையிடம் வரலாற்றைக் கேட்பவர் அவற்றுள் ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கும், உவர்மண்ணைக் கண்டு வணங்கிய அரசருக்கோ அந்த நெருக்கடி எழுந்திராது.