மூச்சுக்கு ஒரு விசிறி

சீவுளி ஓடினால் சுருள் விழும். சுருள் காலடியில் கிடக்கும். கூட்டி அள்ளி அடுப்புக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. சாண்டர் மெஷின் ஓடினால் கீழே விழுவது கொஞ்சம்தான். மிச்ச மரம் காற்றில் நிற்கும். இந்தக் குறிப்புகள் அந்த நிற்கும் மரத்தைப் பற்றியவை.

மன்னார் உப்புக்குளத்தில் கைக்கருவி போய் மின்கருவி வந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவு ஆட்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு கல்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்து திரும்பியவர்களுக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு நிலை, கதவு, ஜன்னல் வேண்டும். அந்த அவசரத்துக்குச் சீவுளி தோதுப்படவில்லை. சாண்டரும் ரவுட்டரும் கிரைண்டரும் வீட்டுக் கொட்டில்களுக்குள் நுழைந்தன. ஓடாவி ஒருவர் நாள் முழுக்க இழைத்த பலகையை மெஷின் ஒரு மணிநேரத்தில் மினுக்கிவிடுகிறது. அந்த ஒரு மணிநேரத்துத் தூளை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

*

வேலை முடிந்த இரவு, கொட்டிலின் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச் லைட்டை எதிர்ப் பக்கத்தில் கொளுத்தி வைத்துப் பார்க்கலாம். வெளிச்சம் கண்ணில் நேரே படாமல், ஆனால் நம்மை நோக்கி வரவேண்டும். பகலில் தெளிந்து கிடந்த காற்றுக்குள் புகை மாதிரி ஒன்று மெல்ல நகரும். பிரித்தானியாவின் தொழிற்பாதுகாப்பு அதிகாரிகள் பட்டறைகளைச் சோதிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. செலவில்லாத சோதனை.

அசையாத காற்றில் 10 மைக்ரோன் பருமனுள்ள தூள், நிற்பவனின் மூக்கு உயரத்திலிருந்து தரைக்கு வர ஏழெட்டு நிமிடம் எடுக்கும். 1 மைக்ரோன் தூளுக்கு அரை நாள் வேண்டும். மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே மெஷினை நிறுத்தியதும் மாஸ்க்கைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, பிளேன்ரீயோடு கொட்டிலிலேயே உட்காருகிறோமே, அந்த நேரம்தான் மோசமான நேரம். அடுத்த மோசமான நேரம், தும்புத்தடியால் கூட்டும் நேரம்.

*

முதிரை மினுக்கிய நாளில் அஸர் தொழுகைக்கு வுழு செய்து மூக்கைச் சிந்தினால் தண்ணீர் மஞ்சளாக வரும். தேக்கென்றால் தவிட்டு நிறம். அந்த நிறம் வெளியேறுவதைப் பார்க்கும்போது மனம் ஆறும். ஆனால் மூக்கு பிடித்துவைத்தது மட்டும்தான் வெளியே வருகிறது. பெரிய தூளை மூக்கும் தொண்டையும் மறிக்கும். 10 மைக்ரோனிலும் சிறியது நெஞ்சுக்குள் இறங்கும். 4 மைக்ரோனுக்குக் கீழே என்றால் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகும். அங்கே தண்ணீர் எட்டாது.

மூக்கில் தங்குவதும் சும்மா தங்குவதில்லை. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற நகரம் நாற்காலிக்குப் பேர்போனது. 1960களில் அங்கே காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹட்ஃபீல்ட், தன்னிடம் வரும் மூக்குப் புற்று நோயாளிகளில் தளபாடத் தொழிலாளர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் கவனித்தார். டொனால்ட் அச்செசன் முதலியவர்களோடு சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு 1968இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மரத்தூளை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது நிச்சயம் என்ற முதலாம் வகுப்பில் சேர்த்தது. இரசாயனம் எதுவும் பூசாத வெறும் மரத்தூளை. அந்த நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் எடுக்கும் என்பதால்தான் ஊரில் அதற்கும் மரத்துக்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. ஆஸ்துமா அப்படிக் காத்திருக்காது. பிரித்தானியக் கணக்கில் தச்சர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றத் தொழிலாளர்களைவிட நான்கு மடங்கு.

எங்கள் பக்கத்து முதிரைக்கு இன்னொரு குணமும் உண்டு. சிலருக்கு அதன் தூள் பட்ட இடம் சிவந்து தடித்து அரிக்கும். பனை அப்படியில்லை, அது சிராய் ஏற்றித் தன் கோபத்தை உடனே தீர்த்துக்கொள்ளும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஜனவரியிலிருந்து வன்மரத் தூளுக்கு வைத்திருக்கும் எல்லை, கன மீற்றருக்கு 2 மில்லிகிராம். வீட்டுக் கூரைமேல் வைக்கும் 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கியின் அளவு காற்றில் 2 மில்லிகிராம். ஒரு சின்னக் கல்லுப்புப் பரல்கூட அதைவிடப் பாரம். இலங்கையில் 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசியைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் வீட்டுக் கொட்டிலுக்கு எந்தப் பரிசோதகரும் வரப்போவதில்லை.

*

லேஞ்சியை மூக்கில் கட்டுவது மனத்திருப்திக்கு. பெருந்தூளை மறிக்கும், அவ்வளவுதான். கொரோனாக் காலத்து நீல மாஸ்க் கன்னத்தோடு ஒட்டாது. காற்று இடுக்கு வழியே போய்வரும். N95 வேறு ரகம். அதைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் மிக நுண்ணிய உப்புத் துகளைக் காற்றில் கலந்து ஊதுகிறார்கள். சோதனைக்கு எடுப்பது நாம் சோற்றில் போடும் அதே சோடியம் குளோரைட்டு. அதில் 100க்கு 95ஐ மறித்தால் அந்தப் பேர். உப்பளம் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

பில்டர் எவ்வளவு நல்லதானாலும் ஓரத்தில் இடுக்கு இருந்தால் வீண். அங்கேதான் தாடி வருகிறது. முகத்தோடு ஒட்டவேண்டிய எந்த மாஸ்க்குக்கும் முகம் மழித்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. ஒரு நாள் தாடிகூடக் காற்றுக்கு வழிவிடும். எங்களில் பலருக்குத் தாடி சுன்னத்து, நபிவழி. வேலைக்காக மழி என்று சொன்னால் அவன் தாடியை விடமாட்டான், மாஸ்க்கை விட்டுவிடுவான். பிரித்தானியாவில் சீக்கிய வைத்தியர்களுக்கும் 2020இல் இதே சிக்கல் வந்தது. தாடியை மூடி ஓர் இழுபடும் துணியைத் தலைக்குமேல் இறுகக் கட்டி, அதன்மேல் மாஸ்க் அணிந்து, பொருத்தச் சோதனையில் தேறிக் காட்டினார்கள். சிங் தட்டா முறை என்று அதற்குப் பேர். ஆஸ்பத்திரிக்கு அது சரி. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதைக் கட்டிக்கொண்டு கதவு மினுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

விசிறி வைத்த ஹெல்மெட்டுக்கு இங்கேதான் இடம். பற்றறியில் ஓடும் ஒரு சிறு விசிறி, வெளிக்காற்றைப் பில்டர் வழியாக இழுத்து முகத்துக்கு முன்னால் ஊதுகிறது. உள்ளே காற்று கூடுதலாக இருப்பதால் அது ஓரங்களால் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்; தூள் உள்ளே வர வழி குறைவு. முகத்தோடு ஒட்டத் தேவையில்லை. தாடிக்கும் இடம் உண்டு, மூக்குக்கண்ணாடிக்கும் இடம் உண்டு. அமெரிக்க விதிப்படி இந்தத் தளர்ந்த ரகம் நிமிடத்துக்குக் குறைந்தது 170 லீற்றர் காற்றுத் தரவேண்டும். சும்மா இருப்பவன் நிமிடத்துக்கு ஏழெட்டு லீற்றர்தான் இழுக்கிறான். பலகை தூக்கி மூச்சு வாங்கும்போது அது பலமடங்காகும், அந்த வேளைக்குத்தான் இவ்வளவு மிச்சம்.

*

லண்டனிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்த ஒன்றைத் தலையில் மாட்டிப் பார்த்தேன். முதலில் நெற்றியில் குளிர்ச்சி. வியர்வை கண்ணுக்குள் இறங்கவில்லை. அதற்காகவே காசு கொடுக்கலாம் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் வறண்டது. ஏறக்குறைய ஒரு கிலோப் பாரம் குனிந்து வேலை செய்யும்போது பிடரியில் தெரிந்தது. விசிறியின் ஓசை ஒரே சுரத்தில் ஓடியது. முற்றத்திலிருந்து மகள் கூப்பிட்டது கேட்கவில்லை, என் மூச்சு மட்டும் கேட்டது. இத்தனை வருடம் கொட்டிலுக்குள் நின்று என் மூச்சை நான் கேட்டதில்லை.

விசிறியை இடுப்புப் பட்டியில் கட்டி, குழாய் வழியே தலைக்குக் காற்று அனுப்பும் ரகமும் உண்டு. பிடரிக்கு அது சுகம். ஆனால் நெருக்கமான கொட்டிலில் குழாய் எதிலாவது மாட்டும். கடைசல் மெஷினுக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். சில மாதிரிகளோடு விரல் நீளக் குழாய் ஒன்று தருவார்கள், உள்ளே சிறு உருண்டையோடு. காற்று போதுமென்றால் உருண்டை கோட்டுக்கு மேலே எழும்பும். வேலைக்கு முன்னர் அதைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

பிரித்தானிய அளவுகோலில் இந்த ஹெல்மெட்டுகள் மூன்று படி: TH1 என்றால் வெளித்தூள் உள்ளே பத்தில் ஒன்றாகக் குறையும், TH2 இருபதில் ஒன்று, TH3 நாற்பதில் ஒன்று. N95 போலவே முகத்தோடு ஒட்டும் FFP3 மாஸ்க்குக்கும், நன்றாக ஒட்டினால், TH2இன் அதே இருபதுதான். ஆகவே முகம் மழித்தவன், வாரத்தில் ஒரு மணிநேரம் வேலை செய்பவன், விசிறிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. TH2 விசிறி அவனுக்குத் தருவது கூடுதல் காப்பு அல்ல, சுகம். சுகத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. சுகமில்லாத மாஸ்க் ஆணியில் தொங்கும்.

தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. TH3 அணிந்தவன் ஒரு மணிநேரத்தில் 6 நிமிடம் மட்டும் அதைத் தூக்கிவிட்டு அதே காற்றில் நிற்கிறான் என்று வையுங்கள். 40 மடங்குக் காப்பு எட்டு மடங்காக இறங்கிவிடும். விலை கூடியதைக் கழற்றிக் கழற்றி அணிபவனைவிட, விலை குறைந்ததைக் கூட்டி முடியும்வரை கழற்றாதவன் நல்ல காற்றைச் சுவாசிக்கிறான்.

*

நானா ஒருவர் கேட்டார்: "இத மாட்டிக்கிட்டு போட்டுக்கு பைபர் ஒட்டலாமா தம்பி?" கரையில் இப்போது மரத்தோணியைவிட பைபர் போட்தான் அதிகம், அதைத் திருத்தும் ஆட்களும் ஓடாவிமாரே. கிரைண்டரால் உரசும்போது வரும் கண்ணாடி நார்த் தூளை இந்தப் பில்டர் மறிக்கும். ரெசினின் மணத்தை மறிக்காது. மணம் ஆவி, ஆவிக்குக் கரி நிரப்பிய வேறு பில்டர் வேண்டும், பெரும்பாலான மரவேலை ஹெல்மெட்டுகளில் அதைப் பூட்டவே முடியாது. வார்னிஷ் அடிக்கும்போதும் இதே கதை.

2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போனது. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த 30 காற்றாலைகள் நிற்க, நாங்கள் இருட்டில் இருந்தோம்.  அந்தக் காலம் கற்பித்த பாடம் ஹெல்மெட்டுக்கும் பொருந்தும்: இரண்டாவது பற்றறி இருக்கவேண்டும். பற்றறி நின்றால் இது வெறும் பிளாஸ்டிக் கூடு, காப்பும் இல்லை, புதுக்காற்றும் இல்லை. உடனே கொட்டிலுக்கு வெளியே போய்க் கழற்றவேண்டும். உப்புக்காற்று பற்றறி முனைகளில் பச்சை பிடிக்கவைக்கும். அவற்றை உலர்ந்த துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் தாங்கும். பில்டரைக் கொம்பிரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யக்கூடாது. நார் கிழிந்து, பார்வைக்குப் புதிதாகவும் உள்ளே ஓட்டையாகவும் ஆகிவிடும். மலிவான முன்பில்டரை அடிக்கடி மாற்றினால் உள்ளேயிருக்கும் விலை கூடிய பில்டர் பலநாள் நிற்கும்.

*

சோளகம் அடிக்கும் மாதங்களில் மேசையை வாசலுக்கு இழுத்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பேன். வேலிக்கு அப்பால் மாமியின் குரல் வரும்: "மகன், உங்கட மரத்தூள் எல்லாம் எங்கட கருவாட்டிலதான்." நியாயம். என் மூச்சைக் காப்பாற்ற அவர் உலர்த்தும் மீனிலும், அங்கே விளையாடும் பிள்ளைகளின் நெஞ்சிலும் அதைப் போடுவதா? தூளை ஊதி அனுப்புவதைவிடப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சிப் பிடிப்பதுதான் முறை. சாண்டரின் வாயில் நல்ல பில்டர் உள்ள வெக்குயூம் மெஷின் ஒன்றைப் பூட்டினால் கொட்டிலும் சுத்தம், வேலியும் சுத்தம். என் தீர்ப்பு இந்த வரிசையில்: முதல் காசு வெக்குயூமுக்கு. தாடியுள்ளவர், கண்ணாடி போடுபவர், நாள்தோறும் மெஷின் ஓட்டுபவர் அடுத்த காசைத் தலையில் மாட்டும் TH2 ரகத்துக்குக் கொடுக்கலாம். கையில் தாராளம் இருந்தால் TH3. மற்றவர்களுக்கு நன்றாக ஒட்டும் மாஸ்க் போதும்.

வெளிநாட்டுச் சொந்தங்களிடம் ஹெல்மெட் கேட்பவர்களுக்கு ஒரு சொல். லண்டனிலிருந்து வந்தால் சார்ஜர் எங்கள் சதுர முனை பிளக்கில் நேரே பொருந்தும். கனடாவிலிருந்து என்றால் சார்ஜரில் 240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மேலதிகப் பற்றறியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். ஹெல்மெட் ஒன்று கேட்டால், அதே மாதிரிக்குரிய பில்டர் நாலு சோடியும் சேர்த்துக் கேளுங்கள். மன்னார்க் கடைகளில் அது கிடைக்கும் என்று நம்பி இருக்கவேண்டாம்.