ஏவலும் அறிவும்: செவிலியர் பணியறத்தில் கீழ்ப்படிதலின் எல்லை

மருத்துவரின் அறம் பற்றிப் பேசுவோர் பலர். செவிலியரின் அறம் பேசப்படும் இடங்களிலோ அது பெரும்பாலும் கருணை, பொறுமை, தியாகம் என்னும் பண்புகளின் புகழுரையாகவே நின்றுவிடுகிறது. ஒருவரின் பண்பைப் புகழ்வதும் அவர் எதிர்கொள்ளும் அறச்சிக்கலை ஆராய்வதும் வெவ்வேறு செயல்கள். செவிலியர் பணியின் நடுவே எளிதில் விடை காண இயலாத வினா ஒன்று உள்ளது. மருந்தை எழுதுபவர் ஒருவர், அதனை நோயாளரின் உடலில் செலுத்துபவர் மற்றொருவர். எழுதப்பட்டது பிழையெனத் தோன்றும்போது செலுத்தும் கை என்ன செய்ய வேண்டும்? செய்தபின் விளையும் தீங்கு யாருடையது? இவ்வினாவைத் தமிழ் மரபில் செவிலி, உழைச்செல்வான் ஆகிய இரு சொற்கள் தாங்கிநிற்கும் கருத்துகளோடும், இக்காலச் செவிலியர் நெறித்தொகுப்புகளோடும் இணைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பணியும்

ஈழத்தில் இன்றும் தாதி என்னும் சொல்லே இப்பணியாளரைக் குறிக்க வழங்குகிறது. தமிழகத்தில் எழுத்து வழக்கில் செவிலியர் என்பது நிலைபெற்றுவிட்டது. பேச்சு வழக்கில் நர்ஸ், சிஸ்டர் என்பனவே மிகுதி. அகப்பொருள் மாந்தருள் ஒருத்தியான செவிலித்தாயின் பெயரை மருத்துவமனைப் பணியாளருக்கு இட்டவர்கள் வளர்த்தலையும் பேணலையும் மனத்திற்கொண்டு அவ்வாறு செய்தனர் எனக் கொள்ளலாம். ஆயினும் தொல்காப்பியக் களவியல் செவிலியைத் தாய் எனச் சிறப்பித்தற்குக் கூறும் காரணம் பாலூட்டியதோ சீராட்டியதோ அன்று. அரிய மறைபொருளைப் பேசுதற்கு உரியவள் என்பதே அங்குச் சுட்டப்படும் காரணம். பிறர் அறியாதவற்றை அறிந்திருத்தல், அவற்றை உரிய இடத்தில் உரிய முறையில் கூறுதல் ஆகிய இரண்டும் அவளது தகுதிக்கு அடிப்படையாகின்றன. இக்காலச் செவிலியர் நெறித்தொகுப்புகள் அனைத்தும் வலியுறுத்தும் இரகசியக் காப்பு இச்சொல்லின் பழம்பொருளிலேயே அடங்கியிருப்பது கருதத்தக்கது.

இப்பெயரீட்டில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. தாய்மை என்னும் உருவகம் ஊதியத்தையும் பணிநேரத்தையும் பேச இடந்தருவதில்லை. கணக்குப் பார்க்கும் தாயை மரபு போற்றுவதில்லை ஆதலின், கணக்குக் கேட்கும் செவிலியரும் பண்பில் குறைந்தவராகக் காட்டப்படுகின்றனர். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு சனவரியில் தலையிட நேர்ந்தது. அதன் ஆணைப்படி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வழங்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அத்துணை எளிய தொகைக்கே நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது என்பது 'தேவதை' என்னும் புகழ்மொழியின் மதிப்பை நன்கு காட்டும்.

நாற்கூற்றில் உழைச்செல்வான்

திருக்குறளின் மருந்து அதிகாரம் தன் இறுதிக் குறளில் (950) மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக வைக்கப்படுபவன் உழைச்செல்வான். உழை என்பது பக்கம் என்னும் பொருளது. பக்கத்தே இருந்து இயங்குபவன் என்பது சொற்பொருள். இப்பகுப்பு ஆயுர்வேத மரபிலும் உள்ளது. சரக சங்கிதையின் சூத்திரத்தானம் ஒன்பதாம் இயல் மருத்துவன், மருந்து, பணியாள், நோயாளி என இந்நான்கையே கூறுகிறது. ஆனால் வரிசை வேறு. சரகர் மருத்துவனை முதலில் வைத்து நோயாளியை இறுதியில் வைக்கிறார். வள்ளுவர் நோயுற்றவனிடமிருந்து தொடங்குகிறார். யாப்பு நோக்கி இவ்வாறு அமைந்தது என ஒருவர் கூறலாம். அதனை முற்றிலும் மறுத்தற்கில்லை. எனினும் சரகர் அதே இயலில் மருத்துவனே தலைமையானவன் என வெளிப்படக் கூறி, ஏனைய மூன்றையும் சமைப்பவனுக்குக் கலமும் விறகும் தீயும் போல அவனுக்குரிய கருவிகளாக்குகிறார். குறளில் அத்தகைய தலைமைக் கூற்று இல்லை. செவிலியர் மருத்துவரின் கருவியா, மருத்துவத்தின் ஒரு கூறா என்னும் வினாவுக்கு இவ்விரு நூல்களும் ஒரே விடையைத் தரவில்லை என்பது இதனால் பெறப்படும்.

பரிமேலழகரின் உரை இவ்விடத்தில் மிகவும் பயனுடையது. அவர் நாற்கூறுகளுள் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்புகளைத் தொகுத்துரைக்கிறார். மருந்தை இயற்றுபவனுக்கு அவர் வேண்டும் இயல்புகள் நோயாளனிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவு என்பனவாகும். சரகரும் பணியாளுக்கு அன்பு, தூய்மை, திறமை, பணிமுறை அறிவு ஆகியவற்றைக் கூறுவதால் இரண்டும் ஒரே மரபின் வழி வந்தனவாகத் தோன்றும். ஆனால் பொதுவான திறமை சரகரிடம் நிற்கும் இடத்தில் பரிமேலழகர் 'சொல்லியபடி செய்தல்' என்பதனை வைக்கிறார். அதனை அடுத்தே அறிவுடைமையையும் வைக்கிறார். சொல்லியபடியே செய்பவனுக்குத் தனியே அறிவு எதற்கு? சொல்லப்பட்டதை விளங்கிக்கொள்வதற்கு என்பது ஒரு விடை. சொல்லப்பட்டது தகுமா எனத் தேர்வதற்கு என்பது மற்றொரு விடை. முதல் விடை போதுமானதாயின் 'வன்மை' என்பதிலேயே அது அடங்கிவிடும். அறிவு தனியே எண்ணப்பட வேண்டியதில்லை. ஆகவே இரண்டாம் விடைக்கும் உரையில் இடமுண்டு எனக் கொள்வது பொருந்தும். இவ்விரண்டும் முரணும் தருணத்தில் எது மேலோங்க வேண்டும் என்பதை உரையாசிரியர் கூறவில்லை. அவர் கூறாது விட்ட அவ்விடத்திலேயே இக்காலப் பணியறத்தின் சிக்கல் முழுவதும் தங்கியுள்ளது.

உறுதிமொழியிலிருந்து நெறித்தொகுப்புக்கு

இந்தியச் செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்றும் விழாவின்போது எடுக்கப்படும் நைட்டிங்கேல் உறுதிமொழி பிளாரன்சு நைட்டிங்கேல் எழுதியதன்று. 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு அவர் பெயரால் அதனை இயற்றியது. மருத்துவரின் பணிக்கு விசுவாசத்துடன் துணைநிற்றல் அதன் கூறுகளுள் ஒன்று. உலகச் செவிலியர் மன்றம் 1953இல் ஏற்றுக்கொண்ட முதல் நெறித்தொகுப்பும் மருத்துவரின் ஆணைகளை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றுதலைக் கடமையாகக் கூறியது. அறமற்ற செயல்முறைகளில் பங்கேற்க மறுத்தலையும் உடன்கூறியது. பரிமேலழகரிடம் கண்ட இரட்டை அங்கும் தீர்வின்றியே இருந்ததை உணரலாம். 1973இல் வந்த திருத்தத்தில்தான் மருத்துவரின் ஆணை பற்றிய அத்தொடர் நீங்கியது. செவிலியரின் முதன்மைப் பொறுப்பு பேணுதல் வேண்டுவோரிடத்தே என்னும் கருத்து அதன் இடத்தைப் பெற்றது.

இந்த மாற்றம் எழுத்தளவில் எளிது. நடப்பில் எளிதன்று என்பதற்கு 1966இல் வெளியான ஹாப்லிங் குழுவினரின் ஆய்வு சான்றாகும். அமெரிக்க மருத்துவமனையில் பணியிலிருந்த 22 செவிலியரை, அவர்கள் முன்பின் அறியாத மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, குறிப்பிட்ட மருந்தில் 20 மில்லிகிராம் அளவை ஒரு நோயாளிக்குக் கொடுக்கப் பணித்தார். ஒரு நாளுக்கு உயர்ந்த அளவு 10 மில்லிகிராம் என மருந்துப் பெட்டியிலேயே எழுதப்பட்டிருந்தது. தொலைபேசி ஆணையை ஏற்பதும் அம்மருத்துவமனை விதிக்கு மாறானது. 22 பேருள் 21 பேர் மருந்துடன் நோயாளியை நோக்கிச் சென்றனர். ஆய்வாளர்கள் இடைமறித்துத் தடுத்தனர். இதே சூழலை எழுத்தில் விளக்கிக் கேட்டபோதோ 12 செவிலியருள் 10 பேரும், பயிற்சி மாணவியர் 21 பேரும் கொடுக்க மாட்டோம் எனக் கூறியிருந்தனர். அறிந்து ஒப்புக்கொள்ளாத மனிதர்மீது நிகழ்த்தப்பட்ட இவ்வாய்வின் அறமும் கேள்விக்குரியதே. இதனைச் செவிலியரின் அறிவின்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது பிழையான முடிவு. 1977இல் ரேங்க், ஜேக்கப்சன் ஆகியோர் செவிலியர் நன்கறிந்த மருந்தைக் கொண்டும், சக செவிலியரோடு கலந்து பேசும் வாய்ப்பை அளித்தும் இதுபோன்ற ஆய்வை நிகழ்த்தியபோது 18 பேருள் இருவர் மட்டுமே ஆணைக்கு இணங்கினர். மறுக்கும் துணிவு தனிமனிதப் பண்பாக மட்டும் இருப்பதில்லை. உடன்பணியாளரிடம் 'இது சரியா?' எனக் கேட்கக்கூடிய பணிச்சூழல் இருந்தால் அத்துணிவு தானே எழுகிறது.

இந்திய நிலையில் இதனை வைத்து நோக்கினால் சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. சரியான நோயாளர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கப் பயிற்சிக் காலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. இரவுப் பணியில் தனித்து நிற்கும் ஒருவர், கூடம் நிறைந்த நோயாளருக்கு நடுவே, இவ்வைந்தையும் ஒன்று விடாமல் பார்ப்பது பலநேரங்களில் உடலால் இயலாதது. 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்றில், நரம்பின்வழிச் செலுத்தப்பட்ட ஊசி மருந்தால் குழந்தை ஒன்றின் மூளை மீளாப் பாதிப்புற்றது. ஊசியைச் செலுத்தியவர் எந்த மாநிலச் செவிலியர் மன்றத்திலும் பதிவு பெறாதவர். குழந்தைக்கு 12.5 இலட்சமும் பெற்றோருக்கு 5 இலட்சமும் இழப்பீடாக உறுதிசெய்யப்பட்டன. செலுத்திய கையோடு பொறுப்பு நின்றுவிடவில்லை என்பதே இத்தீர்ப்பின் சிறப்பு. தகுதியற்றவரை அவ்விடத்தில் நிறுத்திய மருத்துவமனையும் பொறுப்பாக்கப்பட்டது.

இந்தியச் செவிலியர் மன்றம் 2006இல் வெளியிட்ட நெறித்தொகுப்பு, தம் முடிவுகளுக்கும் செயல்களுக்கும் செவிலியர் தாமே பொறுப்பாவர் எனக் கூறுகிறது. பாதுகாப்பான பணிமுறைக்கு ஊறு நேருமிடத்து உரியவர்களை எச்சரித்தலும் அதில் கடமையாக்கப்பட்டுள்ளது. இவை வரவேற்கத்தக்கன. ஆயின் எச்சரித்தவரைக் காப்பது யார் கடமை என்பது அத்துணைத் தெளிவாக இல்லை. பொறுப்பை ஒருவர்மேல் ஏற்றிவிட்டு அதற்குரிய அதிகாரத்தை மற்றொருவரிடம் விட்டுவைப்பது நெறித்தொகுப்பின் குறையேயன்றிச் செவிலியரின் குறையாகாது.

அறத்தொடு நிற்றல்

மறைபொருளைக் காப்பதும் வெளியிடுவதும் பற்றிய சிந்தனைக்கு அகமரபின் அறத்தொடு நிற்றல் துறை நல்லதோர் ஒளியைத் தருகிறது. தலைவியின் களவைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் படிமுறையாக வெளிப்படுத்துவர். இங்கு மறையை வெளியிடுதல் துரோகமாகக் கருதப்படவில்லை. அறம் என்றே பெயர் பெறுகிறது. அவ்வாறு பெயர் பெறுதற்குச் சில நிபந்தனைகள் உள்ளன. மௌனம் தலைவிக்கே கேடாகும் நிலை வந்திருக்க வேண்டும். சொல்லப்படுபவர் அக்கேட்டைத் தடுக்க வல்லவராக இருக்க வேண்டும். அந்த எல்லைக்கு அப்பால் செய்தி செல்லலாகாது. எல்லை கடந்து ஊர்வாய்ப் பட்டதை மரபு அலர் என வேறு பெயரால் அழைத்தது.

மருத்துவமனைகளில் இவ்விரண்டும் நாள்தோறும் குழம்புகின்றன. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017, நோயாளரின் ஒப்புதலின்றி அவரது தொற்றுநிலையை வெளியிடுவதை, சட்டம் குறித்த விலக்குகள் நீங்கலாக, தடைசெய்கிறது. படுக்கையின் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் இடப்படும் சிவப்புக் குறி ஒன்றே அச்சட்டத்தின் நோக்கத்தைச் சிதைக்கப் போதுமானது. அக்குறியை இடுபவர் தற்காப்புக்காகவே இடுவதாக எண்ணுவார்; பார்வை நேரத்தில் வரும் உறவினர் அதனை வேறாகப் படிப்பர். கேட்டைத் தடுக்க வல்லவருக்குச் சொல்லுதல், காண்பவர் அனைவருக்கும் தெரியவிடுதல் ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை அகமரபு நன்கு அறிந்திருந்தது.

யார் சார்பில் யார் பேசுவது

கீழ்ப்படிதலின் எல்லை மருத்துவரோடு மட்டும் தொடர்புடையதன்று. நோயாளர் பேச இயலாதபோது அவருக்காகப் பேசும் உரிமை பேணுபவருக்கு உண்டா என்பது அதைவிட ஆழமான வினா. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றிய அருணா சான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அம்மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் கொடுந்தாக்குதலுக்கு உள்ளாகி, மீளா உணர்வற்ற நிலையை அடைந்தார். அதன்பின் 2015 மே 18 அன்று இறக்கும்வரை 41 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே செவிலியரால் பேணப்பட்டார். அவரைத் தாக்குதலுக்கு முன் கண்டிராத தலைமுறையினரும் பணிமாற்றம் தோறும் அவருக்கு உணவூட்டினர், உடல் துடைத்தனர், புரட்டிப் படுக்கவைத்தனர். அத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்பதை நீதிமன்றமே வியந்து பதிவுசெய்துள்ளது. படுக்கைப்புண் வராமல் காப்பது அறநூல்களில் இடம்பெறும் பெருஞ்செயலாகத் தோன்றாது. இரண்டு மணிக்கு ஒருமுறை ஓர் உடலைப் புரட்டுதல் என்பதன்றி அதில் வேறு மாயமில்லை.

அவருக்கு உணவளித்தலை நிறுத்தி இறக்கவிடுமாறு எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த மனுவை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று ஏற்கவில்லை. சில கட்டுப்பாடுகளுடன் செயலறு கருணைக்கொலைக்கு அத்தீர்ப்பு வழி திறந்தது. ஆனால் அருணாவின் சார்பில் பேசும் அணுக்க நண்பர் என்னும் நிலையை மனுதாரருக்கு அளிக்காமல், பேணிவந்த மருத்துவமனைப் பணியாளருக்கே அளித்தது. அவர்கள் வாழவைக்க விரும்பினர். பிற்காலத்தில் அவர்கள் மனம் மாறினால் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகலாம் எனவும் தீர்ப்புக் கூறியது.

இம்முடிவை எதிர்த்து எழுப்பத்தக்க வாதம் வலிமையானது. பேணுபவரின் அன்பு பேணப்படுபவரின் விருப்பமாகிவிடாது. விடமனமின்மையைக் கடமை எனப் பெயரிட்டு அழைத்தல் எளிது. எனினும் எதிர்ப்பக்கத்துக் கூற்றைப் புறந்தள்ளுவதற்கில்லை. முகக்குறிப்பாலும் ஒலியாலும் அவ்வுடல் எதனை ஏற்றது, எதனை மறுத்தது என்பதை அறிந்திருந்தவர்கள் உழைச்சென்றோர் மட்டுமே. பரிமேலழகர் உழைச்செல்வானிடம் வேண்டிய அன்பும் அறிவும் இங்கு ஒன்றையொன்று விட்டுப் பிரிக்க இயலாதனவாயின. வெளியிலிருந்து நோக்கியவர் கொண்ட இரக்கத்துக்கு அவ்வறிவு இல்லை.

2018இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு உயிருள்போதே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்று விரிவான நடைமுறையை வகுத்தது; 2023 சனவரியில் அது எளிமையாக்கப்பட்டது. அதன்படி உயிர்காப்பு மருத்துவத்தை நிறுத்துவது குறித்து முதனிலை வாரியமும் இரண்டாம்நிலை வாரியமும் ஆய்ந்து கருத்துரைக்க வேண்டும். முதலாவதில் மருத்துவம் செய்பவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுடைய துறைவல்லுநர் இருவரும், இரண்டாவதில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவரும் வல்லுநர் இருவரும் இடம்பெறுவர். 2023ஆம் ஆண்டிலேயே, 1947இன் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்திற்கு மாற்றாக, அறநெறிக்கும் பதிவுக்கும் தனி வாரியத்துடன் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேற்றுப் பணி ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது. நோயாளரின் இறுதி நாள்களைத் தீர்மானிக்கும் அவ்விரு மருத்துவ வாரியங்களிலும் செவிலியருக்கு இருக்கை இல்லை.