அடுப்புத் தீயும் ஆடம்பரத் தீயும்



2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழையைப் புதுச்சேரியில் பொழிந்தது. தாழ்ந்த பகுதிகளில் வாழும் எளியோர் இல்லங்களில் வெள்ளம் புகுந்தது. கடல் வெப்பமுறுந்தோறும் இத்தகைய பெருமழை வலுக்கும் என்பர் அறிவியலார். அவ்வெப்பத்திற்கு ஏது, நிலக்கரியும் எண்ணெயும் எரிதலால் எழும் கரியமிலவாயு.

நம் நகருக்கு வரும் மின்சாரத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் பங்கும் உண்டு. அதனை உடனே நிறுத்தினால் ஏழையின் விளக்கும் தொழிலும் என்னாகும்? நிறுத்தாவிடில் வெள்ளம் மீண்டும் அவன் வாயிலுக்கே வரும். இவ்விரு துன்பங்களுக்கிடையே சாவகன் கொள்ளும் நெறி யாது?

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நம் முன்னோர் நான்காகப் பகுத்தனர். வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சை முற்றும் துறத்தற்குரியது. மனைத்தொழிலில் நேரும் ஆரம்ப இம்சையும், பிழைப்பில் நேரும் உத்தியோக இம்சையும், தற்காப்பில் நேரும் விரோத இம்சையும் இயன்றவரை குறைத்தற்குரியன. பயனின்றிச் செய்யும் தீங்கோ அநர்த்த தண்டம். அதனை விலக்குதல் குணவிரதங்களுள் ஒன்று.

இவ்வளவுகோலால் நோக்குவோம். குடிசைத் தாயின் அடுப்பும், அவள் மகன் படிக்கும் விளக்கும் ஆரம்பத்தின்பாற்படும். ஆளில்லா அறையில் ஓடும் குளிர்சாதனமும், விருந்தில் எறியப்படும் உணவும் அநர்த்தத்தின்பாற்படும். ஆண்டொன்றுக்கு இந்தியர் ஒருவரின் கணக்கில் வருவது ஏறத்தாழ 2 டன் கரியமிலவாயு. அமெரிக்கர் ஒருவருக்கோ ஏறத்தாழ 14 டன். செல்வ நாடுகள் முதலில் குறைத்தல் வேண்டும் என்பது நீதியே. ஆயினும் நம் சராசரி தாழ்ந்திருப்பது ஏழையரின் இல்லாமையால். அவர்தம் வறுமையின் நிழலில் வசதியுடைய நாம் ஒளிதல் முறையன்று. நாடுகளுக்கிடையே நாம் கேட்கும் நீதியை நம் தெருவிலும் கடைப்பிடித்தல் வேண்டும்.

ஆகவே, வரும் தசலட்சணப் பருவத்தில் ஒரு நியமம் ஏற்போம். இல்லத்து மின் அலகுகளுக்கு எல்லை வகுப்போம். மிகுபொருள் விரும்பாமைக்கு இதுவும் ஒரு வழி. மாடியுடையோர் சூரியத் தகடு அமைக்கலாம். 2024 இல் நடுவணரசு அறிவித்த திட்டம், 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 மானியம் வகுத்தது. மிஞ்சும் பொருளைத் தானமாக்குவோம். ஏழை மாணவனுக்குச் சூரிய விளக்கு அளித்தல் சாத்திர தானம். விறகுப் புகையால் இருமும் தாய்க்கு எரிவாயு அடுப்பு அளித்தல் ஔஷத தானத்திற்கு நிகர். எரிவாயுவும் கரியை உமிழ்வதே. எனினும் அவள் நெஞ்சை அடைக்கும் புகையினும் தீங்கு குறைந்தது. முற்றும் நீக்கவொண்ணாத இடத்துக் குறைந்த தீங்கைத் தேர்தல் இல்லறத்தார்க்கு உரிய கொல்லாமை.

எளியோர் அடுப்பு அணையாதிருக்க, நம் வீண் தீயை நாம் அணைப்போமாக.

அருகன் அறம் ஓங்குக!