வளவு யாருக்குரியது?

உறுதியில் எல்லை குறித்த வளவு முழுவதும் உடையவனுக்கே சொந்தமென்பது சட்டம். அறமும் அதுவேயா என்பதே எமது கேள்வி.

யாழ்ப்பாணத்து வளவுகள் பலவற்றுக்குக் கிளுவையும் பூவரசும் முள்முருக்குமே வேலியாயிருந்தன. அவற்றின் குழை ஆட்டுக்குத் தீனியாயிற்று, தோட்டத்துக்குப் பசளையாயிற்று. 2009 இல் போர் ஓய்ந்தபின் எழுந்த வீடுகளைச் சுற்றி மதில்கள் பெருகின. முற்றங்களைச் சீமெந்து மூடிற்று. வற்றாத ஆறொன்றேனும் இல்லாத இக்குடாநாட்டில், சுண்ணக்கற் பாறையினூடே ஊறும் மழைநீரே கிணறுகளை நிரப்புகின்றது. முற்றத்தை மூடுபவன் அயலவன் கிணற்றுக்குரிய பங்கையும் மூடுகின்றான்.

பிற உயிர்களுக்கும் பங்குண்டு. எருக்கிலையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி பிறநாட்டு அழகுச் செடியில் தேன் பருகலாம். அதன் புழுவோ எருக்கும் அதன் இனச் செடிகளும் இன்றி வாழாது.

வயிற்றுக்கில்லாதவனுக்குப் பூச்சியைப் பற்றிய கவலை எதற்கு என்பர் சிலர். மதிலெழுப்பியவன் வறியவனல்லன், கதியால் நட்டு வாழ்ந்தவனே வறியவன்.

ஆயினும் பழமையை நாம் போற்றவில்லை. அவ்வேலிகள் சாதிக்கும் காவல் நின்றன. ஓரங்குல நிலத்துக்காக உறவினரை நீதிமன்றம் ஏற்றின. மரங்களை மீட்போம், அப்பிரிவினையை மீட்கோம்.

நிலம் உழைப்பவனுக்கே உரியதென்போர் நாம். அம்மண்ணை ஓயாது உழும் மண்புழுவை அக்கணக்கிலிருந்து நீக்குவது எந்த நியாயம்?