எண்ணெய் இடலாமா?

அணுமின் நிலையம் ஒன்றில் நாளைக் காலை ஆய்வு. ஆய்வாளர் முன்னிலையில் ஒரு வால்வைத் திறந்து மூடிக் காட்டவேண்டும். அணு உலைக்குக் குளிர்நீர் செல்லும் குழாயில் அமைந்த வால்வு அது; பல திங்களாக அசையாமல் நிற்கிறது. இன்று மாலை அதன் அருகே நிற்கிறான் பணியாள் ஒருவன். கையிலே எண்ணெய்க் குப்பி. இரண்டு முறை திறந்து மூடி, தண்டிலே நாலு சொட்டு எண்ணெயும் இட்டுவிட்டால், நாளைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும் வால்வு. இடலாமா, கூடாதா?

"இட்டால் என்ன கேடு?" என்றுதான் எவரும் கேட்பர். கேட்பதிலே நியாயமும் உண்டு. எண்ணெய் இட்டதால் வால்வு கெடுமா? கெடாது, நலம் பெறும். அவன் பொய் உரைத்தானா? ஒரு சொல்லும் உரைக்கவில்லை. ஏட்டைத் திருத்தினானா? தொடவே இல்லை. கடமையைத்தான் செய்கிறான், சற்றே முந்திச் செய்கிறான், அவ்வளவுதானே!

அவ்வளவுதான் என்று அமெரிக்க நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விட்டுவிடவில்லை. சோதனைக்குச் சற்று முன்னர் பொறியைப் பக்குவப்படுத்தி வைப்பது, சோதனையையே பயனற்றதாக்கிவிடும் என்று 1997-ஆம் ஆண்டு அந்நாட்டு அணுமின் நிலையங்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. ஆட்களுக்கோ பொறிக்கோ ஊறு நேராமல் காக்க வேண்டிய இடங்களில் விலக்கு உண்டு. ஆனால், தேர்வில் தேறுவதற்காகவே தடவப்படும் எண்ணெய் தவறு, பிழையான செயல்.

ஏன் தவறு? இந்தக் கேள்வியைத்தான் நாம் ஆராய விரும்புகிறோம். பொய் சொல்வது தவறு என்பதை நிலைநாட்ட நூறு நூல்கள் உண்டு. ஒரு பொய்யும் சொல்லாமல், ஒரு பொருளையும் கெடுக்காமல், நல்லதொன்றையே செய்து, அதன்மூலம் ஏய்ப்பது எங்ஙனம் என்பதைச் சொல்லும் நூல்கள் குறைவு.

மாட்டுச் சந்தையை அறிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. விற்கப்போகும் கறவை மாட்டை முதல் நாள் மாலை கறவாமல் விட்டுவிடுவான் தரகன். மடி புடைத்து நிற்கும். கொம்பைச் சீவுவான், உடலைத் தேய்த்துக் கழுவுவான். கேட்டால், "மாட்டைக் குளிப்பாட்டியது குற்றமா ஐயா?" என்பான். குற்றமல்ல, குளிப்பாட்டியது! ஆனால் வாங்க வந்தவன் எதை அறிந்துகொள்ள வந்தானோ, அதை அறியவிடாமல் செய்துவிட்டான் அல்லவா? மடியிலே இருப்பது ஒருவேளைப் பாலா, இருவேளைப் பாலா என்பது அவனுக்குத் தெரியாமற் போயிற்று.

வால்வின் கதையும் அதுவே. நாளைய சோதனை, "இந்த வால்வு திறக்குமா?" என்ற கேள்விக்கு மட்டும் விடை தேடவில்லை. "பல திங்களாக எவரும் தொடாமல் கிடந்த இந்த வால்வு, திடீரென அழைத்தால் திறக்குமா?" என்பதே கேள்வி. இன்று மாலை எண்ணெய் இட்ட அந்தக் கணத்தில், அக்கேள்விக்குரிய விடை அழிந்தது. நேற்றுவரை அது இறுகிக் கிடந்ததா, நெகிழ்ந்திருந்ததா என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது. எண்ணெய் இட்டவனாலும் இயலாது. ஆகவேதான் பராமரிப்பு ஏடுகளில் இரண்டு கட்டங்கள் வைக்கின்றனர்: கண்ட நிலை ஒன்று, விட்ட நிலை மற்றொன்று. முதலில் கண்டதை எழுது; பிறகு எண்ணெய் இடு, குடம் குடமாக வேண்டுமானாலும் இடு!

குளிர்நீர் வழியில் இத்தனை கண்டிப்பு ஏன் என்று கேட்கலாம். அடுப்பை அணைத்தால் சூடு அடங்கும் என்பது சமையற்கட்டு நியதி. அணு உலையின் நியதி வேறு. 3000 மெகாவாட் வெப்பம் தரும் உலையை நிறுத்திய அந்த நொடியிலும், எரிபொருளில் எஞ்சிய கதிரியக்கச் சிதைவினால் ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பம் எழுந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவுக்கு இருக்கும். உலையை நிறுத்தலாம், குளிர்விப்பதை நிறுத்த இயலாது. 2011 மார்ச் 11-ஆம் நாள் ஜப்பானின் புகுஷிமாவில், நில அதிர்ச்சி கண்டதும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் முறைப்படி நின்றன. நின்று என்ன பயன்? ஆழிப்பேரலை வந்து கடல்நீர்ப் பம்புகளையும் டீசல் மின்னாக்கிகளையும் மூழ்கடித்தது. குளிர்நீர் ஓட்டம் அறுந்தது. மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகிற்று.

அந்த நிலையத்தை நடத்திய நிறுவனம், விபத்துக்கு இரண்டு கிழமை முன்னதாக, 33 பொறிப்பகுதிகளை உரியவாறு ஆய்வு செய்யத் தவறியதாக அரசுத் துறைக்கு எழுதியிருந்தது. அந்தத் தவறுதான் உலையை உருக்கியது என்று நாம் கூறமாட்டோம், உருக்கியது வெள்ளம். பகையாளியே ஆயினும், செய்யாத குற்றத்தை அவன்மீது சுமத்துவது பகுத்தறிவாகாது. ஆனால் அதே நிறுவனம், ஆய்வு ஏடுகளைப் பல ஆண்டுகளாகத் திரித்து வந்தது 2002-இல் வெளியாகி, தலைவர்கள் பதவி விலகி, 2003 ஏப்ரலில் அதன் 17 உலைகளும் சோதனைக்காக ஒருசேர நிறுத்தப்பட்டதும் உண்மை.

நம் கல்பாக்கத்துக்கும் ஆழிப்பேரலை வந்தது, 2004 டிசம்பர் 26-ஆம் நாள். கடலடிச் சுரங்கத்தின் வழியே நீர் ஏறிப் பம்பு மனைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டு, குளிர்விப்பும் தொடர்ந்தது. 2005 சனவரித் தொடக்கத்தில் மீண்டும் இயங்கலாயிற்று. அலை, நாள் குறித்து மடல் எழுதிவிட்டு வரவில்லை. அன்று அங்கிருந்த பம்புகள் எந்நிலையில் இருந்தனவோ, அந்நிலையிலேயே அழைக்கப்பட்டன.

கண்டதைக் கண்டவாறு அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1980 செப்டம்பரில், அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்து நிலையம் ஒன்றில் குளிர்நீர் ஓட்டத்தை அளந்தனர். வரவேண்டிய அளவு வரவில்லை. நிலையத்தை நிறுத்திக் குளிர்விப்பான்களைத் திறந்து பார்த்தால், உள்ளே சிப்பிகள்! ஆசியாவிலிருந்து அந்நாட்டு ஆறுகளில் பரவிய சிறு சிப்பி, குஞ்சாக நுழைந்து, குழாய்க்குள்ளேயே வளர்ந்து, வழியை அடைத்திருந்தது. அளப்பதற்கு முதல் நாள் எவரேனும் குழாயை அலசிவிட்டிருந்தால் ஏடு அழகாயிருந்திருக்கும். சிப்பி வளர்ந்த செய்தி மட்டும் தெரிந்திராது. தெரிந்ததால், அடுத்த ஆண்டே மற்ற நிலையங்களும் குழாய்களைச் சோதிக்குமாறு பணிக்கப்பட்டன. கல்பாக்கத்துக் கடல்நீர்ச் சுரங்கத்திலும் பச்சைச் சிப்பிகள் படர்வதும், குளோரின் கலந்து அவற்றை அடக்குவதும் அறிவியலார் விரிவாக ஆராய்ந்த செய்தி.

பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு இதெல்லாம் புதிதன்று. ஆய்வாளர் வரும் நாளன்று பள்ளிக்கூடம் பூண்கின்ற கோலத்தைக் கண்டவர்கள் நாம். சுவருக்குச் சுண்ணாம்பு, மாணவனுக்குச் சலவைச் சட்டை, மந்தமான பிள்ளைக்கு அன்று விடுமுறை. விடை தெரிந்தவன் வலக்கை தூக்கவேண்டும், தெரியாதவன் இடக்கை தூக்கவேண்டும், மொத்தத்தில் எல்லோரும் கை தூக்கவேண்டும் என்று சொல்லி வைத்த ஆசிரியர் கதையைச் சொல்லி நாம் சிரிப்பதுண்டு. சிரித்துவிட்டுப் போகிறோம். வாய்பாடு தெரியாத அந்த இடக்கைப் பிள்ளைக்கு, அன்றோடு உதவி வரும் வழி அடைபட்டது என்பதை எண்ணுவோர் எத்தனை பேர்?

ஜெர்மானிய அறிஞர் காண்ட், 1785-இல் வெளியிட்ட நூலில் ஒரு கடைக்காரனைக் காட்டுகிறார். விவரமறியாப் பிள்ளை வந்தாலும் விலை கூட்டாமல் விற்பவன் அவன். அவன் நேர்மை கடமையுணர்வால் வந்ததா, கடையின் பெயர் கெடாதிருக்க வேண்டும் என்ற கணக்கால் வந்ததா என்று கேட்கிறார் காண்ட். வால்வுக்கு இந்தக் கேள்வி இல்லை என்று தோன்றலாம். எந்த எண்ணத்தோடு எண்ணெய் இட்டால் என்ன, வழுக்கினால் போதாதா? போதாது. கண்ணுக்காகச் செய்பவனின் பராமரிப்பு, கண் போகும் இடத்துக்கு மட்டுமே போகும். ஆய்வுப் பட்டியலில் உள்ள வால்வு பளபளக்கும். பட்டியலில் இல்லாத வால்வு துருப்பிடிக்கும். எண்ணத்தின் வேறுபாடு இரும்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது!

"மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற அச்சம் அற்றுப்போனால், உங்கள் பகுத்தறிவாளர்களுக்கு ஒழுக்கம் ஏது?" என்று நம்மை மடக்குவோர் உண்டு. பார்வைக்கு அஞ்சும் ஒழுக்கத்தின் விளைவைத்தான் இங்கே பார்க்கிறோம், தோழர்களே! பார்ப்பவனுக்காக வாழப் பழகியவன் முதலில் கற்பது, பார்ப்பவன் வருமுன் துடைத்து வைக்கும் கலையை.

ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இக்கலை எவ்வளவு தூரம் போயிற்று என்று பாருங்கள். உலையின் மூடியிலிருந்த குழாய் வெடிப்பின் வழியே, போரிக் அமிலம் கலந்த குளிர்நீர் ஆண்டுக்கணக்கில் கசிந்தது. காற்றிலே துருத்தூள் பறந்து, கதிரியக்க அளவுகருவியின் வடிகட்டியை அடைத்தது. வடிகட்டியை மாற்றினர். மீண்டும் அடைத்தது; மீண்டும் மாற்றினர். காற்றைத் தூய்மையாக்கும் பொறிகளைக்கூடக் கொண்டுவந்து வைத்தனர். துரு எங்கிருந்து வருகிறது என்று தேடிச் செல்லவில்லை. 2001-இல் ஆணையம், ஆண்டு முடிவதற்குள் மூடியைச் சோதிக்கக் கேட்டது. நிறுவனம் தவணை கேட்டது. 2002 பிப்ரவரி 16 வரை தவணை கிடைத்தது. பிறகு நிறுத்திப் பார்த்தபோது, ஆறங்குலத்துக்கு மேற்பட்ட கனமுள்ள எஃகு மூடியை அமிலம் அரித்துத் தின்றிருந்தது. எஞ்சி நின்றது, அரை அங்குலமும் இல்லாத உட்தகடு. காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு அழுத்தத்தை அந்தத் தகடு தாங்கிக்கொண்டிருந்தது! தன் பணியாளர்கள் முந்தைய ஆய்வுகள் பற்றி ஆணையத்துக்குப் பொய் விவரம் தந்தனர் என்பதை அரசால் மெய்ப்பிக்க முடியும் என்று ஒப்புக்கொண்டு, 2006-இல் 2 கோடியே 80 இலட்சம் டாலர் செலுத்தியது நிறுவனம். தவணை தந்த ஆணையத்தையும் அதன் உள்தணிக்கையாளர் விட்டுவைக்கவில்லை; நிறுவனத்தின் பண நட்டத்தை எண்ணியே இணங்கியதாக 2002-இல் சாடினார்.

அப்படியானால் ஆய்வே நம்மைக் காக்கும் என்று அதன்முன் கைகூப்பி நிற்கலாமா? அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். 1979 மார்ச் 28-ஆம் நாள், திரீ மைல் ஐலண்டு நிலையத்தில் நீரூட்டும் பம்புகள் நின்றபோது, மாற்றுப் பம்புகள் உடனே ஓடின. நீர் மட்டும் போய்ச் சேரவில்லை. குறுக்கே இரண்டு வால்வுகள் மூடிக்கிடந்தன. அவை இரண்டு நாள் முன்னர் எதற்காக மூடப்பட்டவை தெரியுமா? வழக்கமான சோதனைக்காக! மூடியிருப்பதைக் காட்டும் விளக்குகளுள் ஒன்றைப் பராமரிப்புச் சீட்டு ஒன்று மறைத்துத் தொங்கியது. எட்டு மணித்துளி கழித்தே கண்டுபிடித்தனர். பேரழிவுக்கு முதன்மைக் காரணம், திறந்தபடி சிக்கிக்கொண்ட வேறொரு வால்வு. எனினும் சோதித்தவன் விட்டுச்சென்ற நிலையையும் சோதிக்க வேண்டும் என்பது அன்று விளங்கிற்று.

ஆயத்தமே கூடாது என்பது நம் கருத்தன்று. ஏடுகளைத் தேடி அடுக்கி வைக்கட்டும். வரைபடமும் பொறியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கட்டும். தமக்குத் தெரிந்த குறைகளையெல்லாம் எழுதி, ஆய்வாளர் கேட்குமுன் அவர் கையில் கொடுக்கட்டும். மறைவிடத்துக்கு விளக்குக் கொண்டுபோகும் ஆயத்தம் அது. அமெரிக்க விதி ஒன்று இன்னும் ஒருபடி மேலே போகிறது: அனுமதி பெற்ற ஆய்வாளர் நிலையத்துக்குள் வந்திருக்கிறார் என்பதை, அவராகக் கேட்டாலொழிய, எவரும் எவருக்கும் அறிவிக்கக்கூடாது. "வந்துவிட்டார், எச்சரிக்கை!" என்ற காதோரச் சொல்லே சட்டத்துக்கு மாறானது.

ஆனால் சட்டம் பணியாளின் தோளைத் தொட்டு நிற்பதில்லை. "கண்ட நிலை: இறுகியிருந்தது" என்று எழுதினால் அவனுக்கு என்ன நேரும்? ஜப்பானில் ஏடுகள் திரிக்கப்பட்டதை 2000-ஆம் ஆண்டில் அரசுக்குத் தெரிவித்த பொறியாளருக்கு என்ன நேர்ந்தது? காக்க வேண்டிய அரசுத் துறையே அவர் பெயரை அந்நிறுவனத்தின் காதில் போட்டது. இரண்டு ஆண்டு கழித்துத்தான் நாடு செய்தியை அறிந்தது.

நம்மிடம் பயிலும் இளைஞருள் சிலர் நாளை கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் பணி ஏற்றுச் செல்வர். சென்ற சில நாட்களிலேயே அந்த ஏடு அவர்கள் கைக்கு வரும். இறுகிய வால்வை இறுகியது என்று அவர்கள் எழுதிக் கொண்டுவரும்போது, மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் முதலில் கேட்பது எதுவாயிருக்கும்? "எத்தனை நாளாக இப்படி? வேறு எந்த வால்வு இப்படி?" என்றா? அன்றி, "இதை எழுதச் சொன்னது யார்?" என்றா?