குறி பிசகிய துப்பாக்கி

கொல்வது பாவம் என்றால், கொல்லும் கருவியைப் பழுது பார்த்துக் கொடுப்பது என்ன? கத்திக்குச் சாணை பிடிக்கிறவனிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கத்தி காய்கறியும் நறுக்கும் என்கிற சமாதானம் அவனுக்கு இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கிக்கு அந்தச் சமாதானம் கிடையாது. அது செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு காரியத்தை அது பிசகாமல் செய்யும்படி திருத்திக் கொடுக்கிற மனிதனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

செங்கற்பட்டில் அப்படி ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். லைசென்ஸ் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதற்குத் தாமும் முறைப்படி லைசென்ஸ் வைத்திருந்தவர். 2003-ஆம் வருஷம், ஒரு நாவலுக்கு விவரம் சேகரிப்பதற்காக அவரைத் தேடிப் போனேன். (அந்த நாவல் எழுதப்படவே இல்லை என்பது வேறு விஷயம்.) அப்போதே எழுபதைத் தாண்டியிருந்தார். மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரை பங்களா ஒன்றிலிருந்து வந்த பழைய ரைபிள் ஒன்று அன்று அவர் மேஜைமேல் கிடந்தது. உப்புக் காற்று எதை விட்டுவைக்கும்? குழலின் நுனியிலிருந்த குறி துருவேறி, இளகி, ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. சொந்தக்காரர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் அதை விற்றுவிடப் போகிறார்களாம்.

"விற்கப் போகிற துப்பாக்கிக்குக் குறி எப்படி இருந்தால் என்ன, ஐயா?" என்று கேட்டேன்.

"வாங்கறவன் சுடமாட்டேன்னு எழுதிக் குடுப்பானா, தம்பி?" என்றார்.

துப்பாக்கியைத் தொட்டிராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொலைநோக்கி பொருத்தாத ரைபிளில் குறி என்பது இரண்டு சிறு உலோகத் துண்டுகள்தாம். கண்ணுக்குப் பக்கத்தில், நடுவே பிளவுள்ள ஒரு தகடு, அது பின்குறி. குழலின் நுனியில் ஒரு மணியோ முள்ளோ, அது முன்குறி. பிளவின் நடுவில் முள் நிற்க, முள்ளின் தலையில் இலக்கு உட்கார வேண்டும். மாமல்லபுரத்துக் கடலில் கட்டுமரம் ஓட்டியவர்கள் இதே வித்தையைத் துப்பாக்கி இல்லாமலே செய்தார்கள். கரைக்கோயிலும் குன்றின் மேலுள்ள கலங்கரை விளக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டால், நாம் ஒரு கோட்டின்மேல் இருக்கிறோம் என்று அர்த்தம். வேறு இரண்டு அடையாளங்களால் இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் மீன் மேயும் பாறை. கண் எத்தனை கெட்டியானதாக இருந்தாலும், நேரை அறிவதற்கு அதற்கு வெளியே இரண்டு பொருள்கள் வேண்டியிருக்கின்றன.

ஆனால் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. பக்கத்துத் தகடு, அதற்கப்பால் முள், தூரத்து இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க அதனால் முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும். எதை? இலக்கை என்றுதான் நானும் நினைத்தேன். முன்குறியை என்றார் பெரியவர். இலக்கு சற்று மங்கலாகத் தெரிந்தால் போதுமாம். பறவையின் தலையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று சொன்ன அர்ச்சுனனுக்கு துரோணர் சபாஷ் போட்டார். ரைபிள் வகுப்பாக இருந்திருந்தால் உட்காரச் சொல்லியிருப்பார்!

குறியைத் திருத்தும் முறை இன்னும் விசித்திரமானது. குண்டு வலப்புறம் விலகிப் போகிறதென்றால் பின்குறியை இடப்புறம் நகர்த்த வேண்டும். அதாவது குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம். முன்குறியை நகர்த்துவதானால் நேர்மாறு. பிசகின் பக்கமாகவே, வலப்புறமாகவே தள்ள வேண்டும். பித்தளைக் கம்பியை அண்டக் கொடுத்து, சின்னச் சுத்தியலால் பட்டும் படாமலும் ஒரு தட்டு. இரண்டு குறிகளுக்கும் நடுவே அரை மீட்டர் தூரம் என்றால், இங்கே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது 50 மீட்டரில் 10 சென்டிமீட்டர். 100 மீட்டரில் 20. குண்டு தாழ்ந்து விழுந்தால் முன்குறியின் தலையை அரத்தால் தேய்ப்பார்கள். முள் குட்டையானால் குண்டு மேலே ஏறும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் போயிற்று. தேய்ந்த இரும்பு திரும்பாது, புது முள்தான் பற்றவைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பெரியவர் உள்ளே போய்ப் பூஜை மாடத்திலிருந்து ஒரு கர்ப்பூரம் எடுத்து வந்தார். அதைக் கொளுத்தி, எழுந்த கரும்புகையில் முன்குறியைக் காட்டினார். பளபளக்கும் முள்ளின்மேல் பக்கவாட்டில் வெயில் விழுந்தால், மின்னுகிற ஓரத்தையே நடு என்று கண் நம்பிவிடும். குண்டு வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் போகும். கரி பூசினால் மயக்கம் தீரும். கர்ப்பூரத்தை இதற்குப் பயன்படுத்தலாமா என்று எனக்குள் எழுந்த ஆட்சேபத்தை நான் வெளியே சொல்லவில்லை.

"ஒரு குண்டு தப்பினதை வெச்சு அரத்தை எடுக்கக் கூடாது தம்பி," என்றார். மூன்று, நான்கு சுட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் ஓர் எலுமிச்சம்பழ அளவு இடத்தில், ஆனால் தள்ளி விழுந்தால் பிசகு குறியில். ஆளுக்கொரு மூலையாகச் சிதறினால் பிசகு சுடுகிறவன் கையிலோ மூச்சிலோ, இளகிப்போன ஒரு திருகிலோ இருக்கிறது. அதற்குக் குறியைத் தேய்த்துப் பிரயோஜனமில்லை. மனிதர்களைப் பற்றிய நம் தீர்ப்புகளில் எத்தனை, ஒரே குண்டைப் பார்த்துவிட்டு அரத்தைத் தூக்கிய தீர்ப்புகள் என்று எனக்குத் தோன்றியது. அவர் மனிதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மானைப் பற்றிச் சொன்னார்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்திய கதை. ஒரு பெரிய மனிதர், அன்று சாயங்காலமே வேட்டைக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். ஒரே ஒரு குண்டு சுட்டுப் பார்த்து, அது போன போக்கை நம்பிக் குறியைத் தட்டிக் கொடுத்துவிட்டார் இவர். அந்த ஒரு குண்டு, கை அசைந்து போன குண்டு. ராத்திரி ஒரு பெண் புள்ளிமானுக்குத் தாடையில் பட்டது. மான் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிற பையன்கள் ஒரு குட்டையருகே அதைப் பார்த்தார்கள். உயிர் இருந்ததாம். வாயைத் தண்ணீரில் வைத்திருந்ததாம், குடிக்க முடியவில்லை.

"குறி தப்புற துப்பாக்கியும் கொல்லும் தம்பி. மெதுவாக் கொல்லும்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறையில், பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று இருக்கிறது. அதே பாறையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறவனை பகீரதன் என்பாரும் உண்டு. பாசுபதம் வேண்டி நிற்கும் அர்ச்சுனன் என்பாரும் உண்டு. அர்ச்சுனன்தான் என்றால், அவன் கேட்பது ஓர் ஆயுதத்தை. நான் இப்போதெல்லாம் அங்கே போனால் முதலில் மானின் தாடையைத்தான் பார்க்கிறேன்.

பெரியவரின் வாதத்தில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். சுடத்தான் போகிறான் என்று ஆகிவிட்டபின், குறியை அரைகுறையாக விடுவது கருணை அல்ல, கொடுமையைக் கூட்டுவதுதான். கொலைக்கு உடந்தையாகக் கூடாது என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவுகிறவனால் அந்த மானுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனால் "சுடத்தான் போகிறான்" என்பதை யார் முடிவு செய்தது? அந்த இடத்தில் அவருடைய வாதம் மௌனமாகிவிடுகிறது. திறமையாகச் செய்வதையே நியாயமாகச் செய்வது என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து எல்லாத் தொழிலிலும் உண்டு, எழுத்துத் தொழிலிலும்தான்.

இதே ஜில்லாவில் இந்தக் கேள்விக்கு வேறொரு பதில் இருநூறு வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்டது. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளினார்கள் என்பார்கள். அந்நாளைய சிப்பாயின் மஸ்கட்டில் பின்குறியே கிடையாது. பயோனெட் மாட்டுகிற சிறு கொண்டிதான் முன்குறி. கூட்டத்தைப் பார்த்துச் சுடுவது, விழுந்ததைப் பொறுக்குவது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது குடியானவர்களுக்குத் தெரியும். அவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் வாங்கினார்கள். சிப்பாய்கள் இன்னும் நன்றாகக் குறி பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். ரைபிளை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, "இந்த வருஷம் ஏரியில தண்ணி நிக்குதா? நத்தைகுத்தி நாரை வந்திருக்கா?" என்று விசாரித்தார்.